முப்பத்துமூன்றரை மீன்

செப்டம்பர் 3

வாயாடிக்கு,

நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் எனக்கும் கோபம் இருந்தது, அதனால் நிம்மதியாக இருந்தேன். நாலாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் கோபத்தைக் காணோம். அதிலிருந்துதான் சிரமம்.

நம் மீன் ஆய்வு ஸ்டேஷன் நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. முன் அறையில் கட்டில், மேசை, உன் நாற்காலி. பின் அறையில் வலை, வாளி, பேட்டரி. உன் ரப்பர் கால்சட்டை இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. இருட்டில் போகும்போது இரண்டு தடவை அதன்மேல் இடித்துக்கொண்டேன். இரண்டு தடவையும் "ஸாரி" என்று சொன்னேன். சிரிக்காதே.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. டிரைவர் அரிசியை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேடம் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா சார்?"

"இல்லப்பா. டவுன் லேப்ல வேலை கெடச்சிருக்கு."

"அதான் சார் கேக்கிறேன். வேலை கெடச்சுதுன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

இந்த ஆளிடம் எதையும் மறைக்க முடியாது. அவரோடு கீழே இறங்கினால் போன் எடுக்கும், பேசலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். எழுதினால் நாலு வரியாவது தேறும்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி நாம் எடுத்த கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். மேல் ஓடை, நூறு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். மூன்று சுற்றும் சேர்த்து முப்பத்தொன்பது டிரவுட் மீன். போன வருஷம் இதே இடத்தில் நூற்றுப் பதினேழு பிடித்தோம். எட்டு வருஷத்தில் இப்படி ஒரு கணக்கு வந்ததில்லை. அன்றைக்கு நாம் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் வேலை பார்த்ததும் எட்டு வருஷத்தில் முதல் தடவைதான்.

நான் டவுனுக்கு வரவே மாட்டேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. இந்த வருஷக் கணக்கு முடியட்டும் என்றுதான் சொன்னேன். அதற்குப் போய் இரண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்களா? ஒரு பெட்டி என்றாலாவது திரும்பி வருவாய் என்று நினைத்திருப்பேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

மீசை

*

செப்டம்பர் 8

மீசைக்காரருக்கு,

திட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதைக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம்.

"இந்த வருஷக் கணக்கு முடியட்டும்." இதை நான் முதல் தடவை கேட்டது நாலு வருஷத்துக்கு முன்னால். அப்போது நம்பினேன். அடுத்த வருஷம் வெள்ளம் வந்து கணக்கு கெட்டுவிட்டது, இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்றீர்கள். அதற்கும் அடுத்த வருஷம் மீன் நன்றாக இருக்கிறது, இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போவதா என்றீர்கள். மீன் குறைந்தால் போக முடியாது, கூடினாலும் போக முடியாது. இடையில் நான் யார்? எனக்கு லேபில் வேலை கிடைத்த கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினேன். நீங்களும் மாற்றல் கேளுங்கள் என்றேன். நீங்கள் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "நாளைக்கு மழை வராம இருக்கணும்" என்றீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

இங்கே அக்கா வீட்டில் இருக்கிறேன். ஹாலில் சோபாவை இழுத்தால் கட்டில். அத்தான் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் என்னிடம் ஒரே கேள்வி கேட்கிறார்.

"மீன எண்றதுக்கா சம்பளம்? எப்படிம்மா எண்ணுவீங்க? அதுங்க வரிசையில நிக்குமா?"

நேற்று உட்கார வைத்துச் சொன்னேன். ஓடையில் ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம், மேலேயும் கீழேயும் வலை கட்டி அடைப்போம், வலையின் அடிக்கயிறு எழும்பாமல் வரிசையாகக் கல் வைப்போம். பிறகு தண்ணீரில் லேசாக மின்சாரம் விட்டு, மயங்கி மிதக்கிற மீனை வலைக்கரண்டியில் அள்ளி வாளியில் போடுவோம். இப்படி மூன்று சுற்று. உள்ளே இருப்பது குறையக் குறைய, கிடைப்பதும் குறைந்துகொண்டே வரும். எப்படிக் குறைகிறது என்பதை வைத்து, கைக்கு வராமல் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எல்லாம் முடிந்ததும் திரும்ப விட்டுவிடுவோம். அத்தான் நிதானமாகக் கேட்டுவிட்டு, "புடிச்சு திரும்ப விடறதுக்கு ரெண்டு பேரு, எட்டு வருஷம்" என்றார்.

லேபில் என் வேலை மீன் செதில் பார்ப்பது. பூதக்கண்ணாடியில் ஒரு செதிலை வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும். பனிக்காலத்தில் மீன் வளராது, வளையங்கள் நெருக்கி விழும். எத்தனை நெருக்கமோ அத்தனை வயது. நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டாம். எனக்கு எப்படி இருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கு இங்கே மேசை மேசையாகச் சுற்றுகிறது. இயக்குநர் முப்பத்தொன்பதை நானூறு சதுர மீட்டரால் வகுத்து, "நூறு சதுர மீட்டருக்குப் பத்துகூட இல்ல, மேல் ஓடை முடிஞ்சுது" என்று சொன்னாராம். ஸ்டேஷனை என்ன செய்வது என்று பேசுகிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கால்சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வையுங்கள். வேண்டாம், மடிப்பில் வெடிக்கும், சுருட்டி வையுங்கள்.

வாயாடி

*

செப்டம்பர் 17

வாயாடிக்கு,

உன் கடிதமும் அலுவலகக் கடிதமும் ஒரே ஜீப்பில் வந்தன. உன்னுடையதை முதலில் பிரித்தேன். நம்பமாட்டாய், நம்பு.

நீ சொன்னது எல்லாம் சரி. மழையைப் பற்றி நான் பேசியதும் உண்மைதான். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் வரவில்லை. உன் வேலைக் கடிதத்தைப் படித்ததும் நீ இல்லாத ஸ்டேஷன் கண்ணுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லத் தெரியாமல் மழையைச் சொன்னேன்.

இனி அலுவலகக் கடிதம். மேல் ஓடையில் மீன் அழிந்துவிட்டதால் நவம்பர் கடைசியோடு ஸ்டேஷனை மூடுகிறார்கள். ஓடையில் பண்ணைக் குஞ்சுகள் பத்தாயிரம் விடப் போகிறார்களாம். உத்தரவில் அக்டோபர் பத்தாம் தேதிதான் கையெழுத்தாகுமாம். எனக்கு வேலை டவுனில், தலைமை அலுவலகத்தில். மூன்றாம் மாடி. உன் லேப் இரண்டாம் மாடிதானே?

நான் கேட்கவில்லை. யாரிடமும் போய் நிற்கவில்லை. தானாக வருகிறது. நவம்பர் கடைசி என்றால் இன்னும் பத்து வாரம். காலையில் ஒரே பஸ்ஸில் போகலாம், மதியம் கீழே இறங்கி வந்து உன் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடலாம். டிரைவரிடம் சொன்னேன். மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "மீனு செத்தாலும் உங்களுக்கு நல்லதுதான் பண்ணிட்டுச் செத்திருக்கு சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நேற்று மேல் ஓடைக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

வீடு பார்க்க ஆரம்பிக்கலாமா? உனக்கு இஷ்டம் இருந்தால் மட்டும்.

மீசை

*

செப்டம்பர் 21

மீசைக்காரருக்கு,

ஆரம்பித்துவிட்டேன். இஷ்டம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னாலேயே.

லேபிலிருந்து பத்து நிமிஷ நடை. மாடியில் இரண்டு அறை. சமையலறை ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிறது, படுக்கையறை ஜன்னல் தெருவைப் பார்க்கிறது. குழாயில் தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம்தான் வருமாம். ஓடைக்கரையில் இருந்துவிட்டு வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கப் போகிறீர்கள், நான் பார்த்துச் சிரிக்கப் போகிறேன். வீட்டுக்காரர், "உங்க வீட்டுக்காரர் எப்போ வருவார்?" என்றார். "நவம்பர் கடைசியில" என்றேன். அப்படி ஒரு தேதியைச் சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? வேண்டுமென்றே அக்காவிடம் ஒரு தடவை, அத்தானிடம் ஒரு தடவை, லேபில் கண்ணாடித் தட்டு கழுவுகிற அம்மாவிடம் ஒரு தடவை சொன்னேன்.

பதினான்கு, பன்னிரண்டு, பதின்மூன்று. மூன்று சுற்றின் கணக்கை அப்படி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இயக்குநர் மொத்தத்தை மட்டும்தான் பார்த்தார். சரி, அதை விடுங்கள்.

உங்கள் இரண்டு ஸ்வெட்டரையும் துவைத்துக் கொண்டுவாருங்கள். இங்கே அவ்வளவு குளிர் இல்லை. இருந்தாலும் கொண்டுவாருங்கள்.

வாயாடி

*

செப்டம்பர் 26

வாயாடிக்கு,

இதை நாலாவது தடவையாக எழுதுகிறேன். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

"அதை விடுங்கள்" என்று எழுதிவிட்டாய். உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துவிட்டது. சுற்றுக்குச் சுற்று குறைய வேண்டிய கணக்கு குறையவில்லை. அடைத்த இடத்தில் அப்படி நடக்காது. அடைப்பு திறந்திருந்தால்தான் நடக்கும்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை மேல் வலையை அவிழ்க்கப் போனேன். நீ அதற்குள் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டாய். கரை மரத்தில் கட்டிய முடிச்சுகள் இறுக்கமாகத்தான் இருந்தன, மிதவைகள் மேலே வரிசையாக நின்றன. கையை விட்டுப் பார்த்தால் அடிக்கயிற்றில் ஒரு கல்கூட இல்லை. தண்ணீர் வலையைத் தூக்கி, அடியில் ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தது. நாம் கீழிருந்து மின்சாரத்தோடு ஏற ஏற, மீன் எல்லாம் நமக்கு முன்னால் ஓடி அந்த இடைவெளியில் புகுந்து மேலே போய்விட்டது. சுற்றுக்கு நடுவில் நாம் கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் சில திரும்பி வந்திருக்கும்.

எப்போதும் கட்டுவது நான், கல் வைப்பது நீ. "கல் வெச்சாச்சா?" என்று நான் கேட்பேன், "வெச்சாச்சு" என்று நீ கத்துவாய். அன்று நான் கேட்கவில்லை. முதல் நாள் சண்டைக்குப் பிறகு நானாக வாய் திறப்பதில்லை என்று வீம்பு. இரண்டு வார்த்தை. அதைக் கேட்டிருந்தால் இது ஒன்றுமே இல்லை.

அப்படியிருந்தும் தெரிந்தே அந்தக் கணக்கை அனுப்பினேன். அனுப்பும்போது, கெட்ட கணக்கு என்று ஒரு குறிப்பு எழுதலாம் என்று நினைத்து, அப்புறம் எழுதலாம் என்று விட்டேன். ஸ்டேஷனை மூடுகிற கடிதம் வந்த பிறகு எழுத மனமே வரவில்லை. எழுதினால் மூடமாட்டார்கள். மூடாவிட்டால் நான் உன்னிடம் வர முடியாது.

போன வாரம் மேல் ஓடையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன் இல்லையா? ஒரு கல்லுக்கு ஒரு மீன், எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கிறது. காலி இடமே இல்லை. இதற்குள் பத்தாயிரம் குஞ்சைக் கொண்டுவந்து கொட்டினால் எங்கே நிற்கும், எதைத் தின்னும்? அவையும் சாகும், இருப்பதும் சாகும். பனிக்காலம் முடியும்போது நாம் அனுப்பிய பொய்க் கணக்கு மெய்யாகிவிடும்.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். இயக்குநருக்கு. எல்லாவற்றையும் எழுதி, மறுகணக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதை அவரிடம் கொடு. இல்லாவிட்டால் கிழித்துப்போடு. நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஜன்னல் தெருவைப் பார்க்கிறது என்று எழுதியிருக்கிறாய், அதையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

மீசை

*

அக்டோபர் 5

உங்களுக்கு,

"நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம்." நல்ல ஆளய்யா நீங்கள்! ஆற்றை நேசிக்கிறவர் நீங்கள், அதைக் கொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். கிழித்தால் என் கையில் பாவம், கொடுத்தால் என் கையால் என் வீட்டுக்கு நானே பூட்டுப் போட வேண்டும். உங்களுக்கு இரண்டு பக்கமும் வலிக்காது. கடிதத்தைச் சுவரில் அடித்தேன். காகிதம், அடித்தால் சத்தம்கூட வரவில்லை.

அக்கா வந்து என்ன ஆச்சு என்றாள். சொன்னேன். "கிழிச்சுப் போட்டுட்டு நிம்மதியா குடித்தனம் பண்ணுடி" என்றாள். அவள் மேல் கோபமே வரவில்லை. நானும் நாலு வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நான் கல் வைக்க மறக்கவில்லை. நீங்கள் கயிறு கட்டுகிற வரைக்கும் பக்கத்தில்தான் நின்றேன், கையில் கல்லோடு. நீங்கள் எப்போதும்போலக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டிருந்தால் என் கோபம் பாதி இறங்கியிருக்கும். நீங்கள் என்னைப் பார்க்காமலேயே இறங்கிப் போய்விட்டீர்கள். கையிலிருந்த கல்லைக் கரையில் போட்டுவிட்டு நானும் இறங்கி வந்தேன். உங்களுக்கு வேண்டும் என்றால் நீங்களே வையுங்கள் என்று நினைத்தேன்.

முதல் சுற்று முடிந்து மேல் முனைக்கு வந்தபோது ஒரு பெரிய மீன் என் பூட்ஸை உரசிக்கொண்டு வலைக்கு அடியில் போனதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை. இங்கே ஸ்டேஷனை மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோதும் சொல்லவில்லை. வாயாடி என்று பேர் வைத்தீர்களே, அந்த வாயாடி நீங்கள் வருவீர்கள் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு செதில் எண்ணிக்கொண்டிருந்தாள். நான் உங்களைவிட நல்லவள் இல்லை.

இன்று காலை பதினோரு மணிக்கு இயக்குநர் அறைக்குப் போனேன். உங்கள் கடிதத்துக்குக் கீழேயே என் பங்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "புருஷன் பொண்டாட்டி சண்டைய என் ஆத்துல ஏம்மா போட்டீங்க?" என்றார். அதற்கு மேல் என்ன திட்டினார் என்பதை எழுதவில்லை. மறுகணக்கு எடுக்கிறார்கள், வேறு இரண்டு பேரை அனுப்பி. இனி நீங்களும் நானும் சேர்ந்து எந்தக் கணக்கும் எடுக்கக் கூடாதாம், ஒருபோதும்.

அதைக் கேட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போய் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான்

*

அக்டோபர் 15

வாயாடிக்கு,

நீ திட்டியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உயரம், மற்றவர் கண்ணாடி. சார், நீங்க கரையிலேயே நின்னுக்குங்க, எதையும் தொட வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். நின்றேன். வலை கட்டினார்கள், கல் வைத்தார்கள். கண்ணாடிக்காரர் உன் அளவுக்கு நெருக்கமாக வைக்கவில்லை, ஆனால் பரவாயில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, கணக்கு எடுக்கும்போது என் கால் நனையவில்லை.

முதல் சுற்று எழுபத்துநாலு. வாளிகள் போதவில்லை, என்னிடம் வந்து கேட்டார்கள். ஓடிப்போய் எடுத்து வந்தேன். இரண்டாம் சுற்று முப்பத்துமூன்று. மூன்றாவது பதினைந்து. கைக்கு வராததையும் சேர்த்தால் நூற்று முப்பத்துநாலு. நம் எட்டு வருஷத்தில் இவ்வளவு இருந்ததில்லை.

உயரமானவர் என் தோளைத் தட்டி, "ஓடை அருமையா இருக்கு சார், உங்க ஸ்டேஷன் எங்கயும் போகாது" என்றார். வாழ்த்துத்தான். நன்றி சொன்னேன். அவர்கள் போன பிறகு கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் எழுபத்துநாலு என்று அவர் கத்தியபோது நீ பார்த்த வீட்டின் ஜன்னல் ஞாபகம் வந்தது. முப்பத்துமூன்று என்றபோதும். என் வாழ்க்கையில் மீன் குறைவாக இருந்தால் தேவலை என்று நினைத்த ஒரே நாள் அதுதான்.

மூடும் உத்தரவு ரத்தாகிவிடும். பத்தாயிரம் குஞ்சும் வராது. நான் இங்கேதான். உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை, அதனால் எதுவும் கேட்கவில்லை.

மீசை

*

அக்டோபர் 19

மீசைக்காரருக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே கணக்கு என் மேசைக்கு வந்துவிட்டது. நூற்று முப்பத்துநாலை நாலால் வகுத்தேன். நூறு சதுர மீட்டருக்கு முப்பத்துமூன்றரை. அந்த அரை மீனை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பாதியா வால்பாதியா என்று உங்களிடம் கேட்க வேண்டும்போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் கண்ணாடித் தட்டு கழுவுகிற அம்மாதான் இருந்தார். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதுவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஓடை நன்றாக இருக்கிறது. எனக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நானும் எட்டு வருஷம் அதில் நின்றவள். ஆனால் ஒவ்வொரு மீனும் நீங்கள் வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் என்றால் நான் எங்கே போவேன்? முப்பத்துமூன்றரை காரணம். நான் ஒருத்தி.

நான் மேலே வரமாட்டேன். கோபம் இல்லை, கோபம் போய்விட்டது. இங்கே எனக்கு வேலை பிடித்திருக்கிறது. நானாகக் கேட்டு வாங்கிய வேலை. உங்களுக்காக நான் எட்டு வருஷம் அங்கே இருந்தேன், அதற்காக இப்போது சண்டை போடவில்லை, சொல்லத்தான் சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், நேராக. ஓடை செத்ததால் நீங்கள் இங்கே வந்திருந்தால், நான் கதவைத் திறந்திருப்பேன். சந்தோஷமாகத்தான் திறந்திருப்பேன். ஆனால் தினமும் உங்கள் முகத்தில் அந்த ஓடையைத் தேடியிருப்பேன். போக்கிடம் இல்லாமல் வந்த மனிதர் என்று ஒருநாள் எனக்கே தோன்றியிருக்கும். எனக்கு அப்படி வேண்டாம். ஓடை நிறைய மீன் இருக்கும்போது, யாரும் மூடாதபோது, யாரும் அனுப்பாதபோது வாருங்கள். நீங்களாக வாருங்கள். வர மனமில்லை என்றால் அதையும் நேராக எழுதிவிடுங்கள், மழையைப் பற்றி எழுத வேண்டாம்.

இரவு சோபாவில் படுத்தால் தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. முதலில் தண்ணீர்தான் என்று நினைத்தேன். உங்கள் குறட்டை என்று இப்போது தெரிகிறது.

வாயாடி

*

அக்டோபர் 30

வாயாடிக்கு,

இன்று ஜீப்பில் நானும் இறங்கி வந்துவிட்டேன். கீழ் அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு, எழுதி முடித்துவிட்டேனா என்று அடிக்கொரு தடவை எட்டிப் பார்க்கிறார்.

மாற்றல் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கிளார்க் நல்ல மனிதர், உதவி செய்ய வந்தார்.

"ஒடம்பு சரியில்லன்னு போடுங்க சார், சீக்கிரம் கெடைக்கும். இல்லன்னா புள்ளைங்க படிப்பு."

"புள்ளைங்க இல்லப்பா. ஒடம்பும் நல்லாத்தான் இருக்கு."

"ஸ்டேஷன்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்ல. ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் என்னன்னுதான் போடறது?"

"என் பொண்டாட்டி அங்க இருக்கா. அதைப் போடு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கல்யாணம் ஆகி எத்தனை மாசம் சார்?" என்றார். பதினோரு வருஷம் என்றேன். நான் சொன்னபடியே எழுதி முத்திரை குத்தினார்.

மூன்று மாதம் ஆகுமாம். மறுத்தாலும் மறுப்பார்களாம், நம் இரண்டு பேர் பேரும் அங்கே கெட்டுக் கிடக்கிறதே. மறுத்தால் மறுபடி கொடுப்பேன். மறுபடியும் மறுத்தால் வேலையை விட்டுவிட்டு வருவேன். என்ன வேலை செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. மீன் எண்ணுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்று அத்தானிடம் சொல்லிவிடாதே.

இன்று காலை ஜீப் வருவதற்கு முன்னால் மேல் ஓடைக்குப் போனேன். வெயில் அப்போதுதான் விழுந்திருந்தது, தண்ணீர் அடிவரைக்கும் தெரிந்தது. நிறைய இருந்தன. இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்க்கலாம் என்று ஓரடி முன்னால் வைத்தேன். என் நிழல் தண்ணீரில் விழுந்ததும் அத்தனையும் கல்லுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. எட்டு வருஷம் ஆகியும் அப்படித்தான். என்னைக் கண்டால் ஓடி ஒளிகிற ஜீவன்களுக்காக, என்னைக் காணவேண்டும் என்று கேட்கிற ஒருத்தியை நாலு வருஷம் காக்க வைத்திருக்கிறேன்.

மீசை